இணையவழி விற்பனையில் சிறு திருத்தங்கள்

(பலமனேரில் கைவினைஞர்கள், மாணவர்கள், வளர்ச்சித்துறை அலுவலர்கள் ஆகியோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பலமனேர் சுடுமண் பொருள்களின் சிறப்பை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சித்தூரிலிருந்து முளபாகல், கோலார் வழியாகப் பெங்களூரு செல்லும் பழைய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. அவ்வழியே செல்வோர் சாலையோரத்தில் அடுக்கியிருக்கும் பானைகளையும் பூச்சாடிகளையும் கண்டு வண்டியை நிறுத்துவர். பானையைக் கையில் எடுத்து, விரலால் தட்டி, ஓசையைக் கேட்டு, விலை பேசி வாங்குவர். இதுவரை அந்தச் சாலையே விளம்பரமாக இருந்து வந்தது. அதற்கு நாம் காசு எதுவும் செலவிடவில்லை.

இந்நிலை என்றும் நீடிக்கும் என நம்பியிருத்தல் தகாது. சுமார் 262 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட பெங்களூரு–சென்னை விரைவுச்சாலைக்கு 2022 மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது சித்தூர் மாவட்டத்தின் வழியாகவும் செல்வதாகும். அத்தகைய சாலையில் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே வண்டிகள் ஏறவும் இறங்கவும் இயலும். பானையைக் கண்டவுடன் ஓரமாக நிறுத்துவதற்கு அங்கு வழியில்லை. பயண நேரம் குறைவது நாட்டுக்கு நன்மையே. ஆயினும், நின்று வாங்கியவர்கள் நில்லாமற் போவார்களானால், அவர்களை வேறிடத்தில் சந்திக்க நாம் ஆயத்தமாக வேண்டும். இன்று அந்த இடம் அவர்கள் கையிலுள்ள தொலைபேசியாகும்.

இவ்வாறு கூறியதும், பெரும் பொருட்செலவில் இணையதளம் அமைக்க வேண்டுமோ, விளம்பரத்துக்குக் கடன் வாங்க வேண்டுமோ என்ற ஐயம் எழக்கூடும். அவை தொடக்கத்தில் தேவையில்லை. சாலையோரத்தில் வாங்குபவர் தம் கண்ணாலும் கையாலும் காதாலும் அறிந்தவற்றை, இணையத்தில் நாம் சொல்லால் அறிவிக்க வேண்டும். இதுவே நான் வற்புறுத்த விரும்பும் கருத்து. இதற்கு வேண்டுவன சில சிறு திருத்தங்களே.

முதலாவது, அளவு. படத்தில் காணும் பானை ஒரு சாண் உயரமா, இரு முழமா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. உயரம், வாயகலம், எடை, கொள்ளளவு ஆகிய நான்கையும் படத்தின் கீழ் எழுதுக. பானையின் அருகில் ஒரு தேங்காயை வைத்துப் படம் எடுத்தால், அளவு உடனே விளங்கும்.

இரண்டாவது, இயல்பு. களிமண்ணிலுள்ள இரும்புச் சத்து காற்றோட்டமுள்ள சூளையில் சிவப்பு நிறம் தருகிறது. காற்றுக் குறைந்து புகை சூழ்ந்தால் கருமை படர்கிறது. எனவே இரு பானைகள் ஒரே நிறமாக இருப்பதில்லை. மெருகிடாத பானையில் நீர் கசிந்து ஆவியாவதாலேயே உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. இவற்றை அறியாத நகரத்து வாடிக்கையாளர், நிறம் மாறியது, நீர் கசிகிறது எனக் குறை கூறிப் பானையைத் திருப்பி அனுப்புவார். இரண்டு வரிகளில் முன்னரே விளக்கிவிட்டால், குறையாகத் தோன்றியதே சிறப்பாகத் தோன்றும்.

மூன்றாவது, பெயர். இது மூன்று மொழிகள் கூடும் வட்டாரம். வாங்குபவர் தெலுங்கில் ‘குண்ட’ என்றும், தமிழில் ‘பானை’ என்றும், கன்னடத்தில் ‘மடிகெ’ என்றும் தேடலாம். ‘டெரகோட்டா’ என்றும் தேடலாம். எல்லாப் பெயர்களையும் குறிப்பிடுக. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை.

நான்காவது, உறுதி. ‘வழியில் உடைந்தால் என்ன செய்வீர்கள்?’ என்பதே தொலைவிலிருந்து வாங்குபவரின் முதல் அச்சம். மாற்றுப் பானை அனுப்பப்படுமா, பணம் திருப்பித் தரப்படுமா என்பதை வெளிப்படையாக எழுதுக. வைக்கோலிட்டுக் கட்டும் முறையையும் ஒரு படத்தில் காட்டுக. இயலாததை வாக்களித்தல் கூடாது.

இச்சிறு மாற்றங்களால் என்ன பயன் விளையும்? ஒரு கணக்கைக் கற்பனையாகக் கொள்வோம். படத்தைப் பார்க்கும் 200 பேரில் 20 பேர் விசாரிக்கின்றனர்; விசாரிப்போரில் ஐந்தில் ஒருவர், அதாவது 4 பேர், வாங்குகின்றனர். தெளிவான படத்தாலும் அளவாலும் விசாரிப்போர் 30 ஆகின்றனர் எனக் கொள்க. உறுதியாலும் உடனடி மறுமொழியாலும் அவர்களில் மூன்றில் ஒருவர் வாங்குவாராயின், விற்பனை 10 ஆகும். பார்வையாளர் ஒருவர்கூட மிகவில்லை. விளம்பரச் செலவும் இல்லை. விற்பனையோ இரண்டரை மடங்காகிறது.

ஆனால் இதனை அறியக் கணக்கு வேண்டும். விசாரித்தோர் எத்தனை, வாங்கியோர் எத்தனை, வாங்காதவர் கூறிய காரணம் யாது என்பவற்றை ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்து வருக. ஒரு மாதத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்க. எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்பது விளங்காது. இப்பணியில் கல்லூரி மாணவர்கள் கைவினைஞர்களுக்கு உற்ற துணையாக இருக்கலாம்.

அலுவலர்களிடமும் ஒன்று கூற விரும்புகிறேன். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பி.எம். விஸ்வகர்மா திட்டம் குயவர் உள்ளிட்ட 18 தொழிலினருக்கு உரியது. பயிற்சி, கருவிகளுக்கு உதவி, குறைந்த வட்டியில் கடன் ஆகியவற்றோடு சந்தைப்படுத்தலுக்கான உதவியும் அதில் இடம்பெற்றுள்ளது. இத்தகைய திட்டங்களில் இணையக் கணக்கு தொடங்கியோரின் எண்ணிக்கையைக் கொண்டு வெற்றியை அளக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கணக்கு தொடங்குதல் கடைக்குப் பலகை மாட்டுதல் போன்றதே. ஆறு மாதங்களுக்குப் பின்னர் எத்தனை பேர் அக்கணக்கின் வழியே விற்கின்றனர், வாங்கியோரில் எத்தனை பேர் மீண்டும் வாங்கினர் என்று கேட்பதே தக்க அளவுகோலாகும்.

இறுதியாக ஒரு எச்சரிக்கை. பெரிய விற்பனைத் தளங்கள் ஏராளமான வாடிக்கையாளரிடம் நம்மைக் கொண்டு சேர்க்கும். ஆனால் அங்கு தரகுக் கட்டணம் உண்டு. வாடிக்கையாளரும் பெரும்பாலும் தளத்துக்கே உரியவராகிறார். அவற்றைப் பயன்படுத்துக, அவற்றை மட்டுமே நம்பியிருத்தல் வேண்டா. வாங்கியவரின் இசைவு பெற்று அவரது எண்ணைக் குறித்து வைத்து, அடுத்த சூளை பிரிக்கும்போது அவருக்குத் தெரிவியுங்கள். சாலை இடம் மாறினாலும் அவர் உங்களைத் தேடி வருவார்.

நல்ல பானை தட்டினால் தன் ஓசையாலேயே தன் தரத்தைச் சொல்லும். தொலைவில் இருப்பவருக்கு அந்த ஓசை கேட்பதில்லை. அதைச் சொல்லாக்கித் தருவதே இணையவழி விற்பனையின் முதற்பணி. இந்த மாதம் ஒரு பானைக்கேனும் அதைச் செய்து பாருங்கள்.