நாடாவிலிருந்து எண்ணுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கோயில் வீதிகளிலே தவிலொலி கேட்டு வளர்ந்தோருக்குத் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பெயரை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. 1933 ஆம் ஆண்டிற் பிறந்து 1975 இல் மறைந்த அவர், ஈழத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே புகழ் ஈட்டியவர். அவர் வாசிப்பை நேரிற் கேட்டோர் வரவரக் குறைந்து வருகின்றனர். இன்றைய இளைஞன் ஒருவன் அதனைக் கேட்க விரும்பினால், அக்காலத்து ஒலிப்பதிவுகளே கதி. அன்று கச்சேரிகளைப் பதிந்துவைக்க உதவியது காந்த ஒலிநாடா.

நாடாவோ நிலையானதன்று. வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை. சிலவகை நாடாக்களிலே காந்தத்தூளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். வேறு சில உலர்ந்து முறியும். நாடாவைப் பார்த்து இன்னொரு நாடா எடுத்தாலோ, ஒவ்வொரு படியிலும் இரைச்சல் ஏறும். படியின் படி மூலத்தினின்றும் விலகிக்கொண்டே போகும்.

இதற்குக் காரணம் பதிவின் இயல்பே. ஒலியலை ஒலிவாங்கியில் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகிறது. நாடாவில் அதே சாயலில் ஏறி இறங்கும் காந்தமாகிறது. இவ்வாறு இடையறாது ஒன்றை ஒன்று ஒத்துச் செல்லும் முறையை அனலொக் முறை என்பர். இம்முறையில் அலைமீது படிந்த அழுக்கையும் அலையையும் பிரித்தறிவது அரிது. அலையை அளந்து எண்ணாக எழுதிவிட்டால் இத்தொல்லை இல்லை. முப்பத்தேழு என்று எழுதியதை நூறுமுறை பெயர்த்தெழுதினாலும் அது முப்பத்தேழே. இதுவே இலக்கமுறை, அதாவது டிஜிற்றல் முறை. தொலைபேசிப் பேச்சை இவ்வாறு எண்களாக்கி அனுப்பும் வழிக்கு அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1938 ஆம் ஆண்டிலே காப்புரிமை கோரினார்.

மின்சுற்று எவ்வாறு அளக்கிறது? பொற்கொல்லரின் தராசை எண்ணிப் பார்க்கலாம். 32, 16, 8, 4, 2, 1 என ஆறு படிக்கற்கள் உள்ளன. பொருளின் நிறையோ 37. முதலில் 32 ஐ வைத்தால் பொருளே தாழ்கிறது, கல் இருக்கட்டும். அதனுடன் 16 ஐ வைத்தால் மிகுகிறது, எடுத்துவிடவேண்டும். 8 உம் மிகும். 4 இருக்கும், 2 மிகும், 1 சரியாகப் பொருந்தும். இருப்பதற்கு ஒன்று, எடுத்ததற்குச் சுழி என எழுதினால் 100101. ஆறு முயற்சியில் விடை கிடைத்துவிட்டது. சுற்றிலே படிக்கல்லுக்குப் பதிலாக மின்னழுத்தம். தராசு முள்ளுக்குப் பதிலாக இரண்டை ஒப்புநோக்கும் ஓர் உறுப்பு. பதினாறு கற்கள் இருந்தால் 65,536 படிகளைப் பிரித்தறியலாம். இன்றைய ஒலிப்பதிவுக் கருவிகள் பெரும்பாலும் இதனினும் பன்மடங்கு விரைவாகப் பருமட்டாய் அளந்து, பின் கணித்துத் திருத்தும் வேறொரு வழியைக் கையாளுகின்றன. ஆயினும் முடிவில் கிடைப்பது எண்ணே. கேட்கும்போது இதன் மறுதலை நிகழ்கிறது: எண்கள் மீண்டும் மின்னழுத்தமாகி, ஒலிபெருக்கியை அதிரச் செய்கின்றன.

எத்தனை முறை அளப்பது? திரைப்படத்தில் ஓடும் வண்டியின் சக்கரம் சிலவேளை பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றும். படம்பிடித்த வேகம் போதாமையே காரணம். ஒலியிலும் அவ்வாறே பொய்யொலி தோன்றும். அதனைத் தவிர்க்க, பதியவேண்டிய மிகவுயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேலாக அளத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்ட அதிர்வுகளை முன்னரே வடிகட்டிவிடவும் வேண்டும். மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். ஆதலால் 1982 இல் விற்பனைக்கு வந்த ஒலித்தட்டுக்குச் செக்கனுக்கு 44,100 அளவீடுகள் என வகுத்தனர்.

இங்கேதான் கவனம் வேண்டும். எண் தவறாது நிற்கும். ஆனால் தவறாக அளந்ததையும் அது தவறாமற் காக்கும். நாடா ஓடும் வேகம் சிறிது பிசகினால் நாகசுரத்தின் சுருதியே மாறிவிடும். தவிலின் வலந்தலையில் விரற்கூடு வீழும் கணத்திலே அலை திடீரென உயர்கிறது. அளவுகோலின் உச்சியை அது தாண்டினால் அலையின் தலை வெட்டுண்டுபோம். அடியின் கூர்மை மழுங்கும். பின்னர் எக்கருவியாலும் அதனை உள்ளபடி மீட்க இயலாது. ஆகவே உச்சிக்குக் கீழே போதிய இடம் விட்டே பதிதல் வேண்டும். பழுதுற்ற நாடா மறுமுறை ஓட இசையாதுபோகலாம். முதன்முறையே கடைசி முறையாகவும் அமையலாம்.

ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்த செல்வம் அழிவது எத்தகையதென்பதை யாழ்ப்பாணம் நன்கறியும். 1981 ஆம் ஆண்டு பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய முயற்சி, ஈழத்து எழுத்துகளை இலக்கமுறையாக்கிப் பலரும் எடுத்துப் படிக்க வழிசெய்தது. எழுத்துக்குச் செய்த அதனை ஒலிக்கும் செய்தல் தகும். எண்ணாக மாறிய கச்சேரி யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இலண்டனிலும் ஒரே வேளையில், மூலத்துக்கு நிகராகவே இருக்கமுடியும். எண்களைத் தாங்கும் தட்டுகளும் பழுதாகும் என்பது உண்மை. ஆனால் அவை பழுதாகுமுன் குறைவின்றிப் புதிய தட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

குடாநாட்டின் வீடுகளில் அலுமாரியின் மேற்றட்டிலே பழைய நாடாச் சுருள்கள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றை ஓட்டும் கருவிகளும் அக்கருவிகளைத் திருத்தவல்லோரும் அருகிவருகின்றனர். சுருளை வீட்டில் ஓட்டிப்பார்க்க முயலாது, தகுந்தவரிடம் காலத்தோடு ஒப்படைப்பதே அதிலுள்ள இசைக்குச் செய்யும் உதவியாகும்.