கிணற்றடியும் ஆய்வுகூடமே
(சங்க மண்டபத்தில் நிகழ்ந்த மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எமது பிள்ளைகள் விஞ்ஞானமும் கணிதமும் கற்பதற்கு ஊரில் என்ன வசதிகள் உண்டு என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். பட்டியல் ஒன்றை எதிர்பார்த்தே இத்தலைப்பைத் தந்திருப்பார்கள் என எண்ணுகிறேன். பட்டியல் சொல்வது எளிது. திருநெல்வேலியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இருக்கின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் இருக்கின்றது. கணித ஒலிம்பியாட் போட்டிகள் இருக்கின்றன. சுற்றுலா போகிறவர்களுக்குக் கொழும்பிலே, 1965ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கோள்மண்டலமும் இருக்கின்றது.

இவையெல்லாம் நல்லவை. ஆனால் இவற்றை எட்டிப் பிடிக்கிற பிள்ளை எந்தப் பிள்ளை? பெரும்பாலும் பட்டினத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளை. அல்லது, பஸ்சுக்குக் காசும் கூடிக்கொண்டு போக ஒருவரும் உள்ள பிள்ளை. நாட்டிலே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. உயர்தர விஞ்ஞான வகுப்புள்ளவை அவற்றுள் ஏறத்தாழப் பத்திலொன்றே. எஞ்சிய ஒன்பதிலும் படிக்கிற பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொண்டே நான் பேச விரும்புகிறேன்.

உயர்தரப் பரீட்சையிலே பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் செய்முறைப் பரீட்சை கிடையாது. பரிசோதனை பற்றிய அறிவு அமைப்புக் கட்டுரை வினாக்கள் மூலம் தாளிலேயே சோதிக்கப்படுகின்றது. இதனால் விளைந்தது யாது? வேணியர் இடுக்கியை ஒருநாளும் தொடாத மாணவன் அதன் படத்தைப் பார்த்து வாசிப்பை மிகத் திருத்தமாக எழுதிவிடுகிறான். ரியூற்றரியில் அதற்கென்றே குறிப்புக் கொடுக்கிறார்கள். அவன் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதற்கிழமையில் அளவியின் அடைப்பைத் திருப்பக் கை நடுங்குகின்றது. முதலாம் வருடத்தில் என்னோடு நின்றவர்களில் நன்றாகச் சித்தியெய்திய சிலருக்கும் இப்படி நேர்ந்ததைக் கண்டேன். குறை அவர்களுடையதன்று.

பொருள் இல்லாமையே காரணம் என்று பலர் சொல்வர். ஓரளவுக்கு உண்மை. ஆயினும், நான் தொண்டராகச் சென்ற ஒரு பாடசாலையில் நுணுக்குக்காட்டிகள் நான்கு பெட்டி திறவாமலே அலுமாரியில் இருந்தன. திறப்பு அதிபரிடம். கண்ணாடிப் பொருள் உடைந்தால் பதிவேட்டில் யார் பெயரில் எழுதுவது என்ற கேள்விக்கு ஒருவரிடமும் விடை இல்லை. பொறுப்பாசிரியையோ கணிதமும் விஞ்ஞானமும் சுகாதாரமும் தாமே படிப்பிப்பவர். அந்தக் கருவியைத் தமது பயிற்சிக் காலத்தில் ஒருமுறை தூரத்திலிருந்து கண்டதாகச் சொன்னார். நாற்பது பிள்ளைகள் பார்த்திருக்கத் தெரியாத பொருளைக் கையில் எடுக்க எவருக்குத்தான் துணிவு வரும்? ஆகவே பிள்ளைகளுக்கு முன்னே ஆசிரியர்களுக்கு வாய்ப்பு வேண்டும் என்பது என் கருத்து.

நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியிலே கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பிக்கப்பட்டன. 1847ஆம் ஆண்டு வந்து மானிப்பாயில் வைத்தியம் நடத்திய சாமுவேல் கிறீன் வைத்தியர், தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அவர்களுடைய நோக்கம் வேறு என்பதை இச்சபைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை! எனினும், பாடத்தைப் பிள்ளையின் பாஷையிலும் கையிலும் கொடுக்க வேண்டும் என்று அந்த வைத்தியர் கண்டது சரியே. பாஷையை நாம் வென்றுவிட்டோம். கை இன்னமும் வெறுங்கையாகவே இருக்கின்றது.

இனி, காசில்லாமல் என்ன செய்யலாம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருவதாகப் பத்திரிகைகள் எழுதும். தெற்கிலே தொடங்கி வடக்கே நகர்ந்து, யாழ்ப்பாணத்துக்கு வரும்போது சித்திரைப் புத்தாண்டு ஆகிவிடும். (புத்தாண்டு சூரியன் மேட ராசியிற் புகுவதைக் கொண்டு கணிக்கப்படுவது, உச்சி வெயிலைக் கொண்டன்று. இவை இரண்டும் இக்காலத்தில் அடுத்தடுத்து வருவது தற்செயலே.) அன்று முற்றத்திலே ஒரு மீற்றர் நீளத் தடியைத் தூக்குக்குண்டு பிடித்து நேரே நட்டால், நடுப்பகலில் நிழல் தடியின் அடிக்குள் மறைந்துவிடும். நடுப்பகல் என்பது 12 மணியன்று. ஏறத்தாழ 12 மணி 10 நிமிடம். ஏன் பத்து நிமிடம் பிந்துகின்றது? எங்கள் மணிக்கூடு 82½ பாகை நெடுங்கோட்டுக்கு வைக்கப்பட்டது. யாழ்ப்பாணம் இருப்பதோ 80 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைக் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பான்.

அதே நடுப்பகலில் காலியிலுள்ள ஒரு பாடசாலையும் ஒரு மீற்றர்த் தடி நடட்டும். அங்கே தெற்கு நோக்கி ஆறு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய நிழல் விழும். அந்த நிழல் காட்டும் கோணம் ஏறத்தாழ 3.6 பாகை, அதாவது வட்டத்தில் நூறிலொரு பங்கு. காலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நூறால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றர்! எகிப்திலே எரத்தோஸ்தனிஸ் இரண்டாயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்தது இதுவே. இரண்டு தடியும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதும். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே கணக்கின் இரு பாதிகளை வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். ஏப்ரலில் விடுமுறை குறுக்கிடும் என்று ஆசிரியர்கள் சொல்வீர்கள். ஓகஸ்ட் 28 அளவில் சூரியன் மறுபடியும் எங்கள் உச்சிக்கு வருகின்றது.

இரண்டாவது உதாரணம் எங்கள் உயிரோடு சம்பந்தப்பட்டது. இக்குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரியிற் பெய்வது சுண்ணாம்புக் கல்லினுட் தங்குகின்றது. அதையே ஆண்டு முழுவதும் இறைக்கிறோம். இந்த நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. உவர்நீர் நன்னீரிலும் நாற்பதிலொரு பங்களவே பாரமானது. ஆகையால் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே நாற்பது அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மட்டம் ஓர் அடி இறங்கினால்? கீழே இருந்து உவர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். புத்தூரையடுத்த நிலாவரைக் கிணற்றை இராமர் அம்பெய்து உண்டாக்கினார் என்று எங்கள் பாட்டிமார் சொல்வர். அக்கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எல்லாரும் அறிவர். காரணம் இந்தக் கணக்குத்தான். நீரிறைக்கும் இயந்திரத்தை இரவு முழுவதும் ஓடவிடுகிற தோட்டக்காரரின் பிள்ளைக்கு இதைவிட வேண்டிய பௌதிகவியற் பாடம் வேறு உண்டோ?

இதை எப்படிப் படிப்பிப்பது? முடிச்சிட்ட கயிற்றிலே ஒரு கல்லைக் கட்டி, சனிக்கிழமைதோறும் ஒரே நேரத்திலே, இறைப்பதற்கு முன்பு, கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை என்று அளந்து கொப்பியில் எழுதுவதே முதற்படி. பத்துப் பிள்ளைகள் பத்துக் கிணறுகளை ஓராண்டு அளந்தால், மாரி எப்போது நிலத்துட் சேர்ந்தது, எந்தக் கிணறு விரைந்து இறங்கியது என்பன வரைபிலே தெரியும். பின்னர் அதே நீரில் சவர்க்காரம் கரைத்து, மழைநீர் நுரைக்கிற அளவு நுரைக்கின்றதா என்று பார்க்கலாம். கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைப் படிவின்மேல் தேசிக்காய்ச் சாற்றை விட்டால் பொங்கும். அதுவே காபனேற்றுக்கு அடையாளம். செவ்வரத்தம்பூவை வெந்நீரில் இட்டு வடித்தால் நல்ல காட்டி கிடைக்கும்: அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்து நைத்திரேற்றுக் கிணற்றில் இறங்குவது வேறு பிரச்சினை. அதனை அளக்கப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் வேண்டும். வீட்டு முற்றத்தில் ஆகாது. அங்கேதான் எங்களைப் போன்ற மாணவர் பயன்பட வேண்டும்.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இம்மண்டபத்தை ஆசிரியர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். பிள்ளைகள் வேண்டாம், அதிகாரிகள் வேண்டாம், பேச்சும் வேண்டாம். நானும் என் நண்பர் சிலரும் அளவி, குழாயி, இடுக்கி, நுணுக்குக்காட்டி முதலியவற்றைச் சேகரித்துக் கொண்டு வருவோம். ஆசிரியர்கள் தாமே தொட்டு, பிழைவிட்டு, வேண்டுமானால் உடைத்தும் பழகட்டும். உடைகிற கண்ணாடிக்குச் சங்க நிதியிலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும். இதனை நான் முக்கியமாகக் கேட்கிறேன். தொகை சிறிதாயினும், பதிவேட்டுப் பயம் அதனாலேதான் நீங்கும். பிள்ளைகளுக்கான வகுப்பை அந்த ஆசிரியர்களே அடுத்த மாதம் தத்தம் பாடசாலையில் நடத்துவார்கள்.

சனிக்கிழமை ரியூசன் உண்டே, யார் வருவார் என்று சென்ற வாரம் ஒரு பெற்றார் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. பரீட்சைப் புள்ளி இல்லாத காரியத்துக்குப் பிள்ளையை அனுப்பத் தாய் தந்தையர் தயங்குவர். அவர்களை நான் குறை சொல்லேன். ஒரு பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதி ஒரு குடும்பத்தின் விதியை மாற்றுகிற ஊர் இது. கிணற்றை அளந்தால் இஸற் புள்ளி ஏறும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். காலை எட்டு மணிக்குமுன் அளந்துவிட்டு ரியூசனுக்குப் போகலாம் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். சரி, பார்ப்போம் என்றார்.

நிறைவேற்றுக் குழுவினர் இசைந்தால் வருகிற மாதம் முதற் சனிக்கிழமையே தொடங்கலாம். ஆசிரியர்கள் எட்டுப் பேர் வந்தாற் போதும். ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கிணற்று நீரில் ஒரு போத்தலும், கேத்திலின் அடியிலிருந்து சுரண்டிய வெள்ளைப் படிவில் ஒரு பிடியும் கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். தேசிக்காய் நான் கொண்டு வருவேன்.