பூமி அதிர்ந்தது யார் பாவத்தால்?

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



விஞ்ஞானம், ஒழுக்கம், சமய நம்பிக்கை, சமூக நீதி ஆகிய நான்கையும் பற்றித் தற்காலச் சிந்தனையாளர் கூறியவற்றை எடுத்துரைக்கும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கின்றனர். நான்கு கடல்களை ஒரு மணித்தியாலத்தில் நீந்திக் கடக்கச் சொன்னது போன்ற பணி இது. ஆகையால், இந்த நான்கும் ஒரே இடத்தில் வந்து மோதிய ஒரு வழக்கை மாத்திரம் உங்கள் முன் வைக்கின்றேன். வழக்காடியவர்கள் காந்தியடிகளும் கவி இரவீந்திரநாத தாகூரும். ஆண்டு 1934. இந்தச் சபையிலே சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் இருக்கின்றீர்கள், கமக்காரரும் இருக்கின்றீர்கள். தீர்ப்பு உங்களுடையது. எனினும் என் தீர்ப்பை நான் மறைத்து வைக்கப் போவதில்லை.

1934 ஜனவரி 15ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணி கழிந்த சிறிது நேரத்தில், நேபாளத்தின் கிழக்குப் பகுதியை மையமாகக் கொண்டு பூமி அதிர்ந்தது. பீகாரில் முங்கேர், முசபர்பூர், தர்பங்கா முதலிய நகரங்கள் இடிந்து வீழ்ந்தன. நேபாளத்தில் 8000க்கு மேற்பட்டோரும் பீகாரில் 7000க்கு மேற்பட்டோரும் மாண்டனர். வட பீகாரின் சமவெளியிலே நிலம் பிளந்து, அடியிலிருந்த மணலும் நீரும் பீறிட்டு மேலே வந்தன. கிணறுகள் தூர்ந்தன. விளைநிலங்கள் மணல் மூடிக் கிடந்தன. வீடு இடிந்தால் மீண்டும் கட்டலாம். வயல் மணற்காடானால் கமக்காரனுக்கு நேர்வது என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்நாளில் காந்தியடிகள் தென்னாட்டிலே சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். தீண்டாமையை ஒழிக்கும் பொருட்டு 1933 நவம்பரில் வார்தாவிலிருந்து தொடங்கிய பயணம் அது. ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசுகையில், பீகாருக்கு நேர்ந்த பேரிடர் தீண்டாமை என்னும் பாவத்துக்காக இறைவன் அளித்த தண்டனை என்று அவர் கூறினார். பத்திரிகைகள் அச்செய்தியை நாடெங்கும் பரப்பின.

சாந்திநிகேதனத்தில் இருந்த தாகூர் இதைப் படித்துத் திடுக்குற்றார். தீண்டாமையை அவரும் வெறுத்தவர். காந்தியை மகாத்மா என்று போற்றியவர். ஆயினும் வாய்மூடி இருக்க அவர் மனம் இசையவில்லை. தம் மறுப்பை எழுதிக் காந்தியடிகளுக்கே அனுப்பினார். காந்தியடிகள் அதனைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே 1934 பெப்ரவரி 16ஆம் நாள் வெளியிட்டு, தம் பதிலையும் உடன் வெளியிட்டார். தம்மை மறுப்பவனுக்குத் தம் பத்திரிகையிலேயே இடங்கொடுத்த அந்தப் பண்பு, இன்றைய அரசியல்வாதிகள் எத்தனை பேரிடம் உண்டு என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் விடை சொல்வோர் வெட்கப்பட நேரிடும்.

தாகூரின் வாதம் என்ன? இயற்கையின் நிகழ்ச்சிக்குக் காரணம் இயற்கையிலேயே உண்டு. மனிதரின் பாவம் எவ்வளவு பெரிதாயினும் படைப்பின் அமைப்பைக் குலைக்கும் வலிமை அதற்கு இல்லை என்பது முதற்படி. அடுத்த படி நீதியைப் பற்றியது. பாவம் செய்தவன் ஒருவன், மாண்டவன் வேறொருவன். குழந்தைகளும் ஏழைகளும், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுமே இடிபாட்டுக்குள் புதைந்தனர். அவர்களை ஒதுக்கிய பாவத்துக்காக அவர்களையே கொல்லும் நீதிபதியை எந்த ஊர் ஏற்கும்? ஏழைகளின் உழைப்பை உறிஞ்சி எழுந்த பெரிய ஆலைகளின் அத்திவாரம் அந்தப் பாவத்தின் பாரத்தால் ஆட்டங்காணவில்லையே என்றும் கவி சுட்டிக்காட்டினார். மூன்றாவது படிதான் கூர்மையானது. இதே வாதத்தைச் சநாதனிகளும் கையாளலாமே! தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்ட காந்தியின் பாவத்தாலேயே பூமி அதிர்ந்தது என்று அவர்கள் கூறினால் அவர்களை எந்த நியாயத்தால் மறுப்பது?

யவகர்லால் நேருவும் அப்போது முங்கேருக்குச் சென்று இடிபாடுகளைத் தோண்டும் பணியில் ஈடுபட்டவர். பின்னர் தம் சுயசரிதையில் இந்த விடயத்தைப் பற்றி எழுதுகையில், பிரித்தானிய அரசாங்கமும் இதைச் சட்டமறுப்புக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லலாமே, வட பீகார் அப்போராட்டத்தில் முன்னணியில் நின்றதல்லவா என்று கேட்டார். தீண்டாமையின் கொடுமை மிகுந்த தென்னாட்டை விட்டுப் பீகாரைத் தண்டிப்பானேன் என்பதும் அவருடைய கேள்வி. அந்த நகைப்பில் நம்மவர்க்கும் ஒரு குட்டு இருக்கிறது.

காந்தியடிகளின் பதிலை ஏளனம் செய்வோர் பலர் அதை முழுமையாகப் படித்தவர் அல்லர். பௌதிக விதிகளை அவர் மறுக்கவில்லை. இறைவனுடைய விதிகள் அனைத்தையும் நாம் அறியோம். மனிதரின் நடத்தைக்கும் பிரபஞ்ச நிகழ்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்கு உயிருள்ள நம்பிக்கை. அதை நிரூபிக்க என்னால் இயலாது. அது என்னைப் பணிவுடையவனாக்குகிறது, என்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளத் தூண்டுகிறது என்பதே அவர் கூறியதன் சாரம். எதிரிகளைச் சாடுவதற்கு அந்த நம்பிக்கையைக் கருவியாக்கினால் அது இழிந்த மூடநம்பிக்கை ஆகிவிடும் என்றும் அவரே ஒப்புக்கொண்டார்.

நண்பர்களே, என் தீர்ப்பு அந்தக் கடைசி வாசகத்திலிருந்து பிறக்கின்றது. தனியறையில் அமர்ந்து, 'என் பாவம் என்ன?' என்று ஒருவன் தன்னையே கேட்டால் அது சமயம். மேடையில் ஏறி, 'பீகார் மாண்டது உன் பாவத்தால்' என்று ஊருக்குச் சொன்னால் அது அச்சுறுத்தல். திருநெல்வேலியில் காந்தியடிகள் பேசியது மேடையில். அவர் வகுத்த அளவுகோலாலேயே அளந்தால், அந்தப் பேச்சு தேறாது.

விஞ்ஞானம் இங்கே ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சில சென்றிமீற்றர் வடக்கே நகர்ந்து ஆசிய நிலத்தை முட்டுகின்றது. இமயமலை எழுந்ததும் அதனாலே, 1934இல் அந்நிலம் அதிர்ந்ததும் அதனாலே. வயலில் அறக்கொட்டியான் விழுந்தால், கமக்காரன் கோயிலுக்கும் போவான். ஆனால் பயிரின் அடியைப் பிரித்துப் பார்க்காமல் போகமாட்டான்.

இந்த வழக்கு இந்தியாவுக்கு மாத்திரம் உரியதன்று. 1755 நவம்பர் 1ஆம் நாள், கத்தோலிக்கரின் பெருநாளன்று, போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரம் பூகம்பத்தால் அழிந்தது. ஆலயங்களில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களே திரளாக மாண்டனர். பாவத்தின் சம்பளம் என்று போதகர் முழங்கினர். வோல்தேர் அந்தச் சமாதானத்தை எள்ளி எழுதினார். ரூசோ அவருக்கு 1756இல் எழுதிய கடிதத்தில் வேறொரு பக்கத்தைத் திருப்பினார். ஆறேழு மாடி உயர வீடுகளை இருபதினாயிரம் கணக்கில் ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையா, மனிதனா என்று கேட்டார். பூமி அதிர்வது இயற்கை. யார் மீது எந்தக் கூரை விழுகின்றது என்பது மனிதர் செய்த ஏற்பாடு.

2004 டிசம்பர் 26ஆம் நாளை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் முறிந்து எழுந்த அலை, முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தென்னிலங்கைக் கரையிலும் சாதி, சமயம், மொழி பாராமல் அடித்தது. இலங்கையில் மாத்திரம் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அலைக்குப் பேதமில்லை. அலை வடிந்த பின் வந்தது பேதம். எதிரே நாகப்பட்டினத்தில், நிவாரண முகாம்களிலும் குடிநீர்த் தொட்டிகளிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. தீண்டாமையின் பாவத்தைக் காண வேண்டுமானால் அங்கே காண வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிலத்தட்டு அன்று. அதைக் காப்பவனுக்குக் கையும் உண்டு, மனமும் உண்டு.

ஆயினும் தாகூரின் பகுத்தறிவு மாத்திரம் எந்தக் கிணற்றையும் திறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காந்தியடிகளோ அடிபடவும் துணிந்து ஊரூராக நடந்தார். 1934 ஏப்ரலில் அதே பீகாரில், ஜசிடி என்னுமிடத்தில், சநாதனிகள் அவருடைய மோட்டார்க் காரைத் தடிகளால் தாக்கினர். பூகம்பம் அவர்களை அச்சுறுத்தித் திருத்தவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த இருவருக்கும் அப்பால் மூன்றாமவர் ஒருவர் இருந்தார். அம்பேத்கர் இறைவனின் கோபத்துக்கும் காத்திருக்கவில்லை, மேற்சாதியாரின் மனமாற்றத்துக்கும் காத்திருக்கவில்லை. மகாராட்டிரத்தில் மஹாத் நகரசபை பொதுக்குளத்தை யாவருக்கும் திறப்பதாக 1924இல் தீர்மானம் எழுதியது. எழுத்து எழுத்தாகவே கிடந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று அந்தக் குளத்து நீரை அள்ளிப் பருகினார். திரும்பும்போது அவர்கள் தாக்கப்பட்டனர், குளம் 'தூய்மை' செய்யப்பட்டது, வழக்கு வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தபோது ஆண்டு 1937. ஒரு மிடறு தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள்!

நமது கதை வேறல்ல. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார்; தீண்டாமையைக் கண்டிக்க அவருக்கு அப்போது பூகம்பம் தேவைப்படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பின்னும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார்கள் மறிக்கப்பட்டனர். மொழியுரிமைக்கும் மண்ணுரிமைக்கும் குரல் எழுப்பும் நாம், நம் கோயில் வாயிலில் நின்றவனுக்கு என்ன விடை கூறினோம் என்பதை உலகம் கேட்கும், கேட்கவும் வேண்டும்.

இந்த வாசிகசாலைக்கருகே பொதுக் கிணறு ஒன்று தோண்டப்படவிருப்பதாகத் தலைவர் தம் முன்னுரையில் அறிவித்தார். நல்ல செய்தி. யாவருக்கும் உரியது என்று கல்லில் பொறித்துவிட்டால் போதும் எனச் சிலர் எண்ணக்கூடும். மஹாத்திலும் எழுதியே இருந்தது. ஆகையால், கிணறு திறக்கும் நாளன்று முதல் வாளித் தண்ணீரை இந்த ஊரின் எந்தக் குறிச்சியிலிருந்து வருபவர் அள்ளுவார், அதை யார் யார் வாங்கிப் பருகுவார்கள் என்பதை நிர்வாக சபையார் இன்றைய கூட்டம் கலையுமுன் தீர்மானித்து அறிவிக்க வேண்டும் என்று கேட்டு அமர்கின்றேன்.