குளிரில் தழைக்கும் செடிகள்

தை, மாசித் திங்களில் மழை ஓய்ந்து வானம் தெளிவுறும்போது, ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் பள்ளத்தாக்குகளில் சில விடியற்பொழுதுகள் வெண்மையாகவே புலர்கின்றன. முகிற்போர்வை இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் வானோக்கி அகன்றுவிடுகிறது. கனத்த குளிர்காற்று தாழ்ந்த இடங்களில் தேங்குகிறது. இலைமேற் பனித்துளி உறைகிறது. கதிரவன் எழுந்தபின் தேயிலையின் இளங்கொழுந்து தீயிற் பட்டதுபோல் கருகி நிற்கும். கூடை நிறையாத அந்நாட்களில் பறிப்பவரின் கூலியும் குறையும்.

ஆயின், அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரமுள்ள ஹோட்டன் சமவெளியில், அதே குளிரில் ஒரு மரம் செழித்து நிற்கிறது. சிங்களத்தில் ‘மகா ரத்மல்’ எனவும், தமிழில் ‘காட்டுப் பூவரசு’ எனவும் வழங்கும் செம்மலர் மரம் அது. இமயத்திலும் நீலகிரியிலும் அதன் உறவினம் உண்டு. உலகம் குளிர்ந்திருந்த பனியூழிகளில் கடல்மட்டம் தாழ்ந்து, இலங்கை இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. அக்காலத்தில் தெற்கே பரவிய இவ்வினம், வெப்பம் மிகுந்தபோது மலைமுடிகளில் ஒதுங்கிற்று என்பது அறிஞர் கருத்து.

அதன் இலை தோல்போல் தடித்தது. அடிப்புறம் மென்மயிர் போர்த்தது. அதனால் நீரிழப்புக் குறைகிறது. உறைபனியில் இலை மடிவதற்குக் காரணமும் ஒருவகை வறட்சியே. உயிரணுக்களுக்கு இடையே நீர் உறையும்போது, உள்ளிருக்கும் நீர் வெளியே ஈர்க்கப்படுகிறது. குளிர் தாங்கும் செடிகள் பல, குளிர் நெருங்குகையில் அணுச்சாற்றில் சர்க்கரையை மிகுவித்துத் தம்மைக் காத்துக்கொள்கின்றன.

இவ்வாற்றலை அம்மரம் முயன்று பெற்றதா? இல்லை. நூறு விதைகள் முளைத்தால் நூறும் ஒன்றுபோல் இரா. குளிர் சிலவற்றைக் கொன்றது. எஞ்சியவை விதை தந்தன. எண்ணற்ற தலைமுறைகளாக நிகழ்ந்த இத்தெரிவே கூர்ப்பு எனப்படுவது.

தேயிலைக்கு இம்மண்ணில் அத்துணைக் காலம் கிட்டவில்லை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டதே இங்கு வாணிகத் தேயிலையின் தொடக்கம். சீனத்துச் சிற்றிலைத் தேயிலை குளிர் தாங்கும். அசாமின் பேரிலைத் தேயிலை வெப்பம் நாடும். இரண்டும் கலந்த விதைகளால் எழுந்த பழைய தேயிலை மலைகளில் செடிக்குச் செடி வேற்றுமை உண்டு. பின்னாளில், விளைச்சல் மிகுந்த தாய்ச்செடியின் தண்டுத் துண்டுகளிலிருந்து கன்றுகள் வளர்க்கும் முறை பரவிற்று. ஒரு தாயின் கன்றுகள் யாவும் ஒரே மரபின. ஆதலின் ஒன்றுக்கு வரும் கேடு அனைத்துக்கும் வரக்கூடும்.

விளைச்சல் குன்றியதென்று பழைய விதைத்தேயிலையைப் பிடுங்குவது எளிது. எனினும், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் புதிய இனங்களைத் தெரிந்தெடுப்பதற்கும் வேற்றுமையே மூலப்பொருள். அயற்செடிகள் கருகிய பள்ளத்தில் ஒரு செடி மட்டும் பசுமையாய் நின்றால், அதனை முதலிற் காண்பவை கொழுந்து பறிக்கும் பெண்ணின் கண்களே. அவள் சுட்டும் அச்செடியைக் காத்து வைப்பது, நாளைய கொழுந்தையும் அவளது கூலியையும் ஒருங்கே காப்பதாகும்.