கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்: குரலும் சொல்லும்



1831ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் ‘நோர்மா’ என்னும் இசைநாடகம் முதன்முதலாக அரங்கேறியது. அதன் தலைமைப் பாத்திரத்தை ஏற்றுப் பாடியவர் ஜுடித்தா பாஸ்தா. ஒலிப்பதிவு தோன்றாத காலம் அது. ஆதலின் ஐரோப்பா போற்றிய அக்குரலை இன்று எவரும் கேட்க இயலாது. தமிழ் இசைநாடக மேடையில் அவர்க்கு இணையாக நாம் கருதத்தக்க கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் குரலோ இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் நமக்கு எஞ்சியுள்ளது. அதனை ஒலிப்புப் பாடமாகவும் கேட்டல் வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்தாகும்.

1908இல் பிறந்த அம்மையார் சிறுமியாகவே மேடையேறினார். 1920களில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இலங்கையிலும் தமிழகத்திலும் நடித்துப் பெரும்புகழ் எய்தினார், அவரையே மணந்தார். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையார்க்கு அகவை 25. அன்றுமுதல் வெள்ளாடை பூண்டார். ஆடவர்க்கு இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் இலட்சம் ரூபாய். 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ வெளிவந்தது. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1980இல் மறைந்தார்.

ஒலியியல் கூறும் உண்மை ஒன்றுண்டு. குரலின் சுருதி மிக உயரும்போது உயிரொலிகளுக்கு இடையிலான வேறுபாடு மங்கும். இத்தாலியப் பாடகியர் உச்சத்தில் பாடுங்கால் சொல் விளங்காது போவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்நிலையில் சொல்லைத் தாங்குவன பெரிதும் மெய்யொலிகளே. அம்மையாரும் உயர்ந்த சுருதியில் பாடியவரே. எனினும் அவர் பாட்டில் லகர, ளகர, ழகரங்கள் மயங்கவில்லை, வல்லினம் தேயவில்லை. ஒலிபெருக்கி பரவாத நாளில், கடைசி வரிசையில் அமர்ந்தவர்க்கும் சொல் சென்று சேரவேண்டிய மேடை அளித்த பயிற்சி அது.

எம் இளமையில், செமிலிங் வட்டாரத் தோட்டத் திடலில் திரை கட்டி ‘ஔவையார்’ காட்டினர். பால்மரம் வெட்டிய எம் தாயார் எழுத்தறியாதவர். மறுநாள் முதல் அப்பாடல்களை அவர் வாய் ஓயாது பாடிற்று. ழகரம் ஒருமுறையும் பிழைத்ததில்லை. அவர்க்குச் செவியே பள்ளியாயிற்று.

பின்னாளில் யாம் ஒலியியல் கற்பித்தோம். கரும்பலகையில் நாவின் படம் வரைந்தோம். மாணவரை வாய்விட்டு ஒலிக்கச் செய்தோமில்லை. ழகரத்தின் பிறப்பைத் தேர்வில் பிழையற எழுதியவர்களே, வெளியில் ‘வாளப்பளம்’ என்றனர். அப்பிழை மாணவருடையதன்று, எம்முடையது.

ஆசிரியர்களே, நாள்தோறும் பத்து நிமிடம் மாணவரை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். மாணவர்களே, அம்மையாரின் பாடலொன்றைக் கேட்டு, அவ்வாறே சொல்லிப் பாருங்கள். எழுத்தில் மட்டும் வாழும் ழகரம் நெடுநாள் வாழாது.