கையில் வாங்கிய காசா, உழைத்த காசா?

(விபத்து நட்டஈடு பற்றிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்ட கேள்விக்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அவவின் தம்பி மெல்பேர்னில் வேலைத்தலத்தில் முதுகு முறிந்து வீட்டில் இருக்கிறார். அங்கே வாராவாரம் நட்டஈடு வருகிறது, ஆனால் வரி வெட்டித்தான் வருகிறது. அவவின் கணவர் இங்கே தேங்காய் பறிக்கையில் மரத்தால் விழுந்து தோள் எலும்பு உடைந்தவர். "எங்கட மனுசனுக்குக் கிடைக்கிற காசிலயும் வரி வெட்டுவாங்களா தம்பி?" என்று கேட்டா.

வரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா, அதாவது மாதம் 150,000 ரூபா வரைக்கும் வருமான வரி இல்லை. நம்மில் அந்தக் கோட்டைத் தொடுபவர் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள், சந்தா கூட்டுவோம். அதற்கும் மேலாக, உடற்காயத்துக்கோ மரணத்துக்கோ மொத்தமாகக் கொடுக்கும் நட்டஈட்டை 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வரியிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆகவே அக்கா, வரிக்காரனுக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது சம்பளக் கணக்குக்கு.

நம்முடைய சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் 1897இல் தன் நாட்டில் போட்ட சட்டத்தில் வாரக் கொடுப்பனவு இருந்தது. இந்தியாவில் 1923இல் அது அரை மாதக் கொடுப்பனவானது. அந்த வழியில்தான் நமக்கும் வந்தது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனவருக்கு அரை மாதத்துக்கு ஒரு தடவை காசு. எவ்வளவு என்பதை அவருடைய மாதச் சம்பளத்தை வைத்துச் சட்டத்தின் அட்டவணை தீர்மானிக்கிறது. அப்படியென்றால் மாதச் சம்பளம் என்பது எது?

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை "கடைசி மாதம் என்ன வாங்கினாய்?" என்று கேட்பார். நாமும் கையில் வந்த காசைச் சொல்லிவிடுவோம். ஊழியர் சேமலாப நிதிக்கு வெட்டிய 8 வீதம், முற்பணத்துக்கு வெட்டியது எல்லாம் போன மிச்சம் அது. சட்டம் கேட்பது அதையல்ல, வெட்டுக்கு முந்திய உழைப்பை. முதலாளி தன் பங்காகப் போடும் 12 வீதம் இதில் சேராது, பயணக் கொடுப்பனவும் சேராது. ஆனால் காசாக மதிப்பிடக்கூடிய சலுகைகள் சேரும். தோட்டத்தில் இலவசக் குடியிருப்போ, மாதாமாதம் தேங்காயோ கிடைத்தால் அதற்கும் ஒரு விலை உண்டு.

"கடைசி மாதம்" என்ற கேள்வியும் பிழைதான். ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் வேலை செய்தவருக்கு, விபத்துக்கு முந்திய பன்னிரண்டு மாத உழைப்பைக் கூட்டிப் பன்னிரண்டால் பிரிக்க வேண்டும். தென்னந்தோட்டத்தில் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு பறிப்பு. பறிப்பு இல்லாத மாதத்துச் சிட்டையை வைத்துக் கணக்குப் பார்த்தால் பாதிச் சம்பளம் பறந்துவிடும். எழுவான்கரைத் தோட்டங்களுக்குப் படுவான்கரையிலிருந்து வருபவர்களில் பலர் சிட்டையே வாங்குவதில்லை. மரத்துக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்துவிடுவார்கள். ஒரு கொப்பியில் திகதியும் மரங்களின் எண்ணிக்கையும் கிடைத்த காசும் எழுதி வையுங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்!

இனி அந்த அக்காவின் வீட்டு விடயம். தோள் முழுதாகச் சுகமில்லை. தோட்டத்தில் "இலேசான வேலை தருகிறோம், வா" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இலேசான வேலையின் சம்பளம் நட்டஈட்டைத் தொடும். விபத்துக்கு முன் இருந்த அரை மாதச் சம்பளத்துக்கும் இப்போது உழைக்கும் அரை மாதச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிடக் கூடுதலாக அரை மாதக் கொடுப்பனவு இருக்க முடியாது. உதாரணத்துக்கு, முன்பு மாதம் 30,000, இப்போது 18,000 என்று வையுங்கள். பாதிகள் 15,000, 9,000. வித்தியாசம் 6,000. அட்டவணை எவ்வளவு சொன்னாலும் 6,000க்கு மேல் இல்லை. முந்திய சராசரியை யாராவது 20,000 என்று குறைத்து எழுதிவிட்டால் அதே மனிதருக்கு 1,000தான். உடைந்த தோள் ஒன்றுதான், ஒரு வரியில் ஐயாயிரம் போகிறது. செக்ரோலில் என்ன விழுகிறது என்று பாருங்கள் என நான் கத்துவது இதனால்தான்.

மற்றது, விழுந்த அன்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய காசு. நட்டஈடாகக் கொடுத்ததென்றால் அதைப் பிறகு கழிக்கலாம். பழைய முற்பணக் கடனை நட்டஈட்டில் வெட்ட முடியாது, சட்டம் அதை அனுமதிக்கவில்லை. ஆகவே காசு வாங்கும்போது எதற்கான காசு என்று எழுதி வாங்குங்கள். "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று அவரிடம் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்களாம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படியான உடன்படிக்கை சட்டப்படி செல்லாது. செல்லாது என்பதற்காகக் கையெழுத்து வைத்துவிடாதீர்கள். பிறகு அதைச் செல்லாததென்று காட்ட நாங்கள்தான் அலைய வேண்டும்.

2022 திருத்தத்தோடு உச்சத் தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமாகியது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது. மண்முனைப் பாலத்தில் விடியற்காலையில் லொறி தட்டினாலும், வேலைக்குத்தான் போனீர்கள் என்றால், கேட்கலாம். கோரிக்கை வைக்க விபத்திலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. அக்காவின் கணவருக்கு எட்டு மாதம் போய்விட்டது.

அவரோடு பறித்த இரண்டு பேர் இன்று வந்திருப்பதைக் காண்கிறேன். தேத்தண்ணி குடித்துவிட்டு மேசைக்கு வாருங்கள். போன வருடம் எந்தெந்த மாதம் எத்தனை மரம் ஏறினீர்கள் என்று உட்கார்ந்து எழுதிப் பார்ப்போம்.