கோர்வைத் தறியும் தீர்ப்பாயமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"என்னய்யா இது, இன்ஜினியருக்குக் கோர்ட்டில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். தாமதம் என்பது ஒரு கணக்கு. கணக்குப் போடுவது நம் தொழில்தானே!

நம்மூரிலிருந்தே தொடங்குகிறேன். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985-ல் வந்தது. மறு ஆண்டு ஆணையில் 22 ரகங்கள் இடம் பெற்றன. சேலையும் அதில் உண்டு. விசைத்தறித் தரப்பு வழக்குப் போட்டது. சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 1993 ஆகிவிட்டது. ஜெயித்தது கைத்தறிதான். ஆனால் அந்த எட்டு வருஷத்தை நெசவாளிக்கு யார் திருப்பித் தருவது?

தாமதத்துக்கு மருந்தாகத்தான் தீர்ப்பாயங்கள் வந்தன. அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2003-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. வணிகச் சின்னம், பின்னர் காப்புரிமை, அத்துடன் புவிசார் குறியீடு ஆகியவற்றின் மேல்முறையீடுகள் அங்கே போயின. காஞ்சிப் பட்டுக்கும் 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்ததல்லவா? அந்தப் பெயரைப் பற்றித் தகராறு வந்தால் மேல்முறையீட்டுக்கு அப்போது அதுதான் இடமாக இருந்தது.

அதன் அமர்வில் நீதித்துறை உறுப்பினர் ஒருவர், தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவர் உட்கார வேண்டியிருந்தது. நம்மூர்க் கோர்வைத் தறி மாதிரி. நெய்கிறவர் ஒருவர், கரை நாடாவைப் போட இன்னொருவர். ஒருத்தர் வரலேன்னா தறி நின்றுபோகும். வாரியத்திலும் அதேதான் நடந்தது. 2016-ல் தலைவர் ஓய்வு பெற்றபின் ஓராண்டுக்கு மேல் நாற்காலி காலி. தொழில்நுட்ப உறுப்பினர் பதவிகளும் அவ்வப்போது காலி.

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு, இரண்டு அமர்வுகள் சேர்ந்து மாதம் 100 வழக்கு முடிக்கின்றன. புதிதாக 90 வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். தேக்கம் இல்லை. ஒரு அமர்வு நின்றால் 50-தான் முடியும். மாதம் 40 தேங்கும். பதினெட்டு மாதம் காலியாக இருந்தால் 720. பிறகு ஆளைப் போட்டாலும், மிச்சம் பிடிக்க முடிவது மாதம் பத்துதான். 720-ஐத் தீர்க்க 72 மாதம், அதாவது ஆறு வருஷம்! ஒன்றரை வருஷ அலட்சியத்துக்கு ஆறு வருஷத் தண்டனை, அதுவும் வழக்காடுபவருக்கு.

முடிவில் என்ன செய்தார்கள்? 2021-ல் வாரியத்தையே கலைத்து, வழக்குகளை உயர் நீதிமன்றங்களுக்கு அனுப்பினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் இதற்கெனத் தனிப் பிரிவு அமைத்தது நல்ல காரியம். ஆனால் மற்ற தீர்ப்பாயங்களில் நோய் அப்படியேதான் இருக்கிறது. ஆளை நியமிப்பதும், இடமும் பணமும் கொடுப்பதும் அரசு. பல வழக்குகளில் எதிர்த்தரப்பும் அதே அரசு. தீர்ப்பாயங்களைக் கவனிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சந்திரகுமார் வழக்கில் சொன்னது. 2021-ஆம் ஆண்டுச் சட்டமோ 50 வயதுக்குக் கீழே உறுப்பினர் ஆக முடியாது, பதவிக்காலம் நான்கே ஆண்டு என்றது. சென்னை வழக்கறிஞர் சங்கம் விடாமல் வழக்காடியது. 2025 நவம்பர் 19-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்து, தேசியத் தீர்ப்பாய ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது.

நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயமில்லை. ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரியும். அதற்கு முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை வழக்கு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை நாற்காலி காலி என்று மாதந்தோறும் வெளியிடுங்கள். எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு சூப்பர்வைசர் செய்கிற வேலைதான் இது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் தேவை. படிப்பு முடிந்ததும் சட்டத்தையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். காஞ்சிப் பட்டின் பெயருக்காக நாளைக்கு ஒரு நெசவாளர் வழக்காட வந்தால், அவர் எதிரே இருக்கும் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது.